கேமரா வாங்கும்முன் சென்சாரின் வேகத்தைப் பாருங்கள்: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் படம் எடுத்துக் கொடுத்தேன். பாட்டும் மிருதங்கமும் நடக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து 'டக் டக்' என்று ஷட்டர் சத்தம் கொடுக்க மனம் வரவில்லை. கேமராவை சைலன்ட் மோடுக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், படத்துக்குப் படம் குறுக்கே ஆறேழு இருட்டுப் பட்டைகள். தில்லானாவில் வேகமாக வீசிய கை முழங்கைக்குக் கீழே ரப்பர் மாதிரி வளைந்து கிடந்தது. எந்த எடிட்டிங்கிலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த மாலை திரும்ப வரப்போவதில்லை.

அந்தக் கேமராவின் விவரக்குறிப்பில் மெகாபிக்சல், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), நொடிக்கு எத்தனை படம் என்று எல்லாம் இருந்தன. சென்சார் தன்மேல் விழுந்த ஒரு படத்தை முழுதாகப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற எண் மட்டும் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் அதை அச்சிடுவதில்லை. அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, உங்கள் வேலைக்கு எவ்வளவு வேகம் போதும், அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு தேர்வு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் ஒருவர்தான். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேள்வித்தாள் கொடுக்கிறார். நேரம் முடிந்ததும் அதே வரிசைப்படி, அதே வேகத்தில் நடந்து விடைத்தாளை வாங்குகிறார். எல்லோருக்கும் எழுதக் கிடைத்த நேரம் ஒன்றுதான். ஆனால் முதல் வரிசைக்காரர் தொடங்கிய நேரமும் கடைசி வரிசைக்காரர் தொடங்கிய நேரமும் வேறு.

சைலன்ட் மோடில் இயங்கும் எலக்ட்ரானிக் ஷட்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. சென்சாரில் சில ஆயிரம் பிக்சல் வரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் ஒளி வாங்கும் நேரம்தான் நீங்கள் வைக்கும் ஷட்டர் வேகம். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை படித்து முடிக்க ஆகும் நேரம் ரீட்-அவுட் நேரம். இரண்டும் தனித்தனி. ஷட்டரை 1/8000-க்கு வைத்தாலும், சென்சார் படித்து முடிக்க 1/15 நொடி எடுத்தால், படத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 1/15 நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவைதான். என் படத்தில் கை வளைந்த காரணம் இதுதான். ஒவ்வொரு வரிசையும் கூர்மையாக இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கணத்தைச் சேர்ந்தது.

மெக்கானிக்கல் ஷட்டரிலும் திரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஓட்டம் ஏறக்குறைய 3 அல்லது 4 மில்லி நொடியில், அதாவது 1/250 நொடி அளவில் முடிந்துவிடும். திரை மூடியபின் இருட்டில் சென்சார் எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் படம் கெடாது. இந்த 1/250 என்ற அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் இந்த வேகத்தை எட்டிவிட்டால், படத்தைப் பொறுத்தவரை மெக்கானிக்கல் ஷட்டருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

படி 2: எந்தக் கேமரா எந்த வேகத்தில் இருக்கிறது?

முழு அளவுப் படத்தை எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும்போது கிடைக்கும் வேகங்கள் இவை. அளப்பவரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

மெதுவான கூட்டத்தில் சோனி ஏ7ஆர் IV, ஏ7ஆர் V இருக்கின்றன. 61 மெகாபிக்சலையும் படிக்க ஏறக்குறைய 1/10 நொடி ஆகும். சோனி ஏ7 III, ஏ7 IV இரண்டும் 1/15 பக்கம். நிகான் இசட்6 முதல் பதிப்பு 1/20 பக்கம்.

நடுத்தரத்தில் கேனன் ஆர்5 (2020) 1/60 அருகிலும், ஆர்6 மார்க் II, நிகான் இசட்6 III இரண்டும் 1/70 அருகிலும் வருகின்றன.

வேகமான கூட்டம் 2017-இல் வந்த சோனி ஏ9-இல் தொடங்கியது. 24 மெகாபிக்சல், 1/160 நொடி. 2021-இல் சோனி ஏ1 50 மெகாபிக்சலை 1/250 அளவில் படித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நிகான் இசட்9 1/270-ஐ எட்டியது. அந்த நம்பிக்கையில்தான் நிகான் அதில் மெக்கானிக்கல் ஷட்டரையே வைக்கவில்லை. 2023-இல் வந்த இசட்8-இலும் இதே வேகம்தான்.

இந்த வித்தியாசத்துக்கு மூன்று காரணங்கள். முதலாவது, பிக்சல் எண்ணிக்கை. படிக்க வேண்டிய வரிசைகள் அதிகமானால் நேரமும் அதிகமாகும்.

இரண்டாவது, பிட் ஆழம். ஒவ்வொரு பிக்சலின் மின்னழுத்தத்தையும் எண்ணாக மாற்ற வேண்டும். 12-பிட் என்றால் 4,096 படிகள், 14-பிட் என்றால் 16,384 படிகள். நுணுக்கம் கூடக்கூட நேரமும் கூடும். இதற்கு அழகான சாட்சி சிக்மா எஃப்பி. 2019-இல் வந்த இந்தச் சின்னக் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. அதன் பிளாஷ் வேகம், அதாவது பிளாஷ் அடிக்கக்கூடிய உச்ச ஷட்டர் வேகம் (இது ரீட்-அவுட் நேரத்தைப் பொறுத்தது, படி 3-இல் பார்ப்போம்), 1/30. ஆனால் 14-பிட் ரா (சென்சார் தரும் மூலக் கோப்பு) எடுத்தால் அது 1/15-ஆக இறங்கிவிடும். அதே சென்சார்தான், பிட் மட்டும்தான் மாறியது. கேனன் ஆர்5, ஆர்6 மார்க் II போன்றவை எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறியதும் 12-பிட்டுக்கு இறங்குவதும் இந்த வேகத்துக்காகத்தான்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: சென்சார் கட்டப்பட்ட விதம். சாதாரண சென்சாரில் பிக்சலும் அதைப் படிக்கும் சுற்றும் ஒரே சில்லில் இடத்துக்குப் போட்டி போடும். ஸ்டேக்டு சென்சாரில் பிக்சல்கள் மேல்தளம், சுற்றுகள் கீழ்த்தளம். கீழே இடம் தாராளமாகக் கிடைப்பதால் ஒரே நேரத்தில் பல வரிசைகளைப் படிக்கலாம், படித்ததை அங்கேயே ஒரு நினைவகத்தில் கொட்டியும் வைக்கலாம். 2015-இல் சோனி ஆர்எக்ஸ்100 IV என்ற பாக்கெட் கேமராவில் இந்த நுட்பம் வந்தது. முழு அளவுச் சென்சாருக்கு (ஃபுல் ஃபிரேம், பழைய ஃபிலிம் அளவு) ஏ9-இல்தான் முதலில் வந்தது. இசட்6 III-இல் இருப்பது இடைப்பட்ட வகை. பிக்சல்களுக்கு மேலும் கீழும் உள்ள ஓரங்களில் மட்டும் வேகமான சுற்றுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

படி 3: உங்கள் வேலையில் எது இடிக்கும்?

முதலில் வெளிச்சம். நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வரிசை வரிசையாகப் படிக்கும் சென்சாருக்குத் தெரியும். ஒரு துடிப்புக்கு 10 மில்லி நொடி. சென்சார் 1/15 நொடி, அதாவது 67 மில்லி நொடி எடுத்துப் படித்தால் அதற்குள் ஆறேழு துடிப்புகள் போய்விடும். அத்தனை பட்டைகள் படத்தில் விழும். என் அரங்கேற்றப் படங்களில் இருந்தவை சரியாக இவைதான். 1/60 கேமராவில் ஒன்றரைப் பட்டை. 1/250 கேமராவில் ஒரு துடிப்பின் பாதிகூட ஆகாது. அதனால் பட்டை தெரியாது, ஒரு பக்கம் லேசாக வெளிச்சம் மாறித் தெரியலாம். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வருவது மட்டும் வேகமான சென்சாரிலும் நடக்கும். அதற்குக் கேமராவில் உள்ள ஃப்ளிக்கர் குறைப்பு வசதியைப் போட வேண்டும்.

கல்யாண மேடையின் எல்இடி திரைகள் இன்னொரு வகை. அவை 100 ஹெர்ட்ஸைவிடப் பல மடங்கு வேகமாக மின்னுவதால், வேகமான சென்சாரிலும் மெல்லிய கோடுகள் வரலாம். மெக்கானிக்கல் ஷட்டரிலும் வரும். ரீட்-அவுட் வேகம் இதைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது. வேகமான கேமரா வாங்கினால் மேடையில் கோடே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து அசைவு. 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் கார் 1/15 நொடியில் 1.1 மீட்டர் நகர்ந்துவிடும். கார் படத்தின் உயரத்தில் பாதியை அடைத்திருந்தால், கூரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் சாய்வு. 1/250 கேமராவில் அதே சாய்வு 3 சென்டிமீட்டர்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். நொடிக்கு 10 முறை சிறகடிக்கும் பறவை என்றால், மெதுவான சென்சார் ஒரு படம் படிப்பதற்குள் ஒரு சிறகடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கும். சிறகின் வடிவமே மாறிப்போகும். கிரிக்கெட் மட்டை, கோல்ஃப் கோல், ஆடுபவரின் கை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பிளாஷ் பயன்படுத்துவோருக்கு ஒரு விஷயம். பிளாஷ் மின்னும் அந்தக் கணத்தில் எல்லா வரிசைகளும் திறந்திருக்க வேண்டும். அதனால் மெதுவான சென்சார் கொண்ட பெரும்பாலான கேமராக்கள் எலக்ட்ரானிக் ஷட்டரில் பிளாஷையே அடிக்க விடாது. ஏ9-இலும் அப்படித்தான். ஏ1-இல் 1/200 வரை முடியும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு மெக்கானிக்கல் ஷட்டர் என்ற தப்பிக்கும் வழியே இல்லை. எப்போதும் எலக்ட்ரானிக்தான். கேமராவை வேகமாகத் திருப்பினால் கதவு, தூண், கம்பம் எல்லாம் சாயும். நடந்துகொண்டே எடுத்தால் படம் ஜெல்லி மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தை மென்பொருளால் நிலைப்படுத்த முயன்றால் இன்னும் அசிங்கமாகத் தெரியும். 2016-இல் வந்த சோனி ஏ6300 4கே-யில் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 40 மில்லி நொடி எடுத்தது. 2020-இன் ஏ7எஸ் III 9 மில்லி நொடிக்குப் பக்கத்தில் முடிக்கிறது. அதில் 12 மெகாபிக்சல் மட்டுமே வைத்ததன் பலன்களில் இதுவும் ஒன்று. என் அனுபவத்தில் 4கே வீடியோவுக்கு 15 மில்லி நொடிக்குக் கீழே இருந்தால் கையில் பிடித்து நிம்மதியாக எடுக்கலாம். 25-ஐத் தாண்டினால் கேமராவை நிதானமாகத் திருப்பப் பழக வேண்டும்.

சென்சார் வேகமாகப் படித்தால் ஃபோகஸ் செய்யும் பகுதிக்கும் அடிக்கடி தகவல் போகும். ஏ9 நொடிக்கு 60 முறை ஃபோகஸைக் கணக்கிட்டது, ஏ1 120 முறை. வியூஃபைண்டரும் தொடர் படங்களின் நடுவே இருட்டாகாது. பறக்கும் பறவையைப் பின்தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நிலக்காட்சி, ஸ்டூடியோ, பொருட்களைப் படம் எடுப்பது, உட்காரவைத்து எடுக்கும் உருவப்படம் என்று இருப்பவர்கள் இந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள ஏ7ஆர் V அவர்களுக்கு அருமையான கேமரா.

படி 4: மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைக் கவனிக்காமல் வாங்கி வருத்தப்படுபவர்கள் அதிகம். இப்போது வரும் சின்னக் கேமராக்கள் பலவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரை எடுத்துவிட்டார்கள். 2024-இல் வந்த சோனி இசட்வி-இ10 II, பானசோனிக் எஸ்9, மேலே சொன்ன சிக்மா எஃப்பி மூன்றிலும் கிடையாது. இசட்9-இலும் கிடையாதுதான், ஆனால் அங்கே சென்சார் அதை ஈடுகட்டுகிறது. இந்தச் சின்னக் கேமராக்களில் அந்த வேகம் இல்லை. வீடியோவுக்கும் பயணத்துக்கும் அவை நல்லவை. கல்யாண வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் முக்கியமான படம் எடுக்க நான் அவற்றை நம்பிப் போக மாட்டேன்.

விவரக்குறிப்பில் 'ஷட்டர் வகை' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே எலக்ட்ரானிக் என்று மட்டும் போட்டிருந்தால், ரீட்-அவுட் எண் தெரியாமல் அந்தக் கேமராவை வாங்காதீர்கள்.

படி 5: விவரக்குறிப்பிலிருந்தே ஊகியுங்கள்

நேரடி எண் இல்லாவிட்டாலும் தடயங்கள் இருக்கும்.

எலக்ட்ரானிக் ஷட்டரில் பிளாஷ் வேலை செய்யுமா, எந்த வேகம் வரை என்று பாருங்கள். அந்த எண் கொடுக்கப்பட்டிருந்தால் ரீட்-அவுட் நேரம் கிட்டத்தட்ட அதற்குள்தான் இருக்கும். இதைவிட நம்பகமான தடயம் வேறில்லை.

எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு எத்தனை படம் என்பது ஒரு மேல்வரம்பு தரும். நொடிக்கு 20 படம் என்றால் ஒரு படத்தைப் படிக்க 50 மில்லி நொடிக்கு மேல் ஆகாது. ஆனால் அதற்குள் எவ்வளவு என்று இது சொல்லாது. ஆர்5-உம் நொடிக்கு 20 படம், ஏ9-உம் நொடிக்கு 20 படம். ஒன்று 1/60, மற்றது 1/160. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், களத்தில் அப்படியில்லை. அந்தத் தொடர் வேகம் 12-பிட்டில் மட்டும் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வீடியோவில், 4கே 60 பிரேமைச் சென்சாரின் முழு அகலத்தில் எடுத்தால் ரீட்-அவுட் 16.7 மில்லி நொடிக்குள் இருந்தே ஆக வேண்டும். 60-க்கு மாறியதும் படம் ஓரங்களை வெட்டிக்கொண்டால், முழு அகலத்தையும் அந்த நேரத்தில் படிக்கச் சென்சாரால் முடியவில்லை என்று சந்தேகப்படலாம்.

படி 6: நீங்களே அளந்து பாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. ஒரு பழைய டியூப்லைட் போதும். இரும்புச் சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள வகை சரியாக நொடிக்கு 100 முறை துடிக்கும். அது கிடைக்காவிட்டால் விலை மலிவான எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள், சிலவற்றில் இந்தத் துடிப்பு நன்றாகத் தெரியும். நல்ல தரமான எல்இடி இதற்கு உதவாது, அதில் பட்டையே விழாது.

மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சுவரையோ பெரிய வெள்ளைத் தாளையோ நிறைத்துப் பிடியுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/2000 அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள். ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொள்ளுங்கள். கேமராவைப் படுக்கை வாட்டில் பிடித்து ஒரு படம் எடுங்கள். குறுக்கே பட்டைகள் தெரியும். ஓர் இருட்டுப் பட்டையின் நடுவிலிருந்து அடுத்த இருட்டுப் பட்டையின் நடு வரை 10 மில்லி நொடி. படத்தின் முழு உயரத்தில் இப்படி எத்தனை அடங்குகின்றன என்று எண்ணுங்கள். நாலு என்றால் 40 மில்லி நொடி, அதாவது 1/25. ஆறரை என்றால் 65 மில்லி நொடி. ஒன்றுகூட முழுதாக அடங்கவில்லை என்றால் 10 மில்லி நொடிக்குள் படிக்கிற வேகமான சென்சார் உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு பட்டைக்கு 8.3 மில்லி நொடி என்று கணக்கு வையுங்கள்.

இதை ஒரே ஒரு முறை செய்து நிறுத்திவிடாதீர்கள். ஒற்றைப் படம், சைலன்ட் தொடர் படம், 14-பிட், 12-பிட், க்ராப் மோடு (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது), 4கே வீடியோ என்று ஒவ்வொன்றிலும் செய்யுங்கள். ஒரே கேமராவில் எண்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள். கடையில் விளக்கு ஒத்துழைக்காவிட்டால், கேமராவை வேகமாக இடவலமாகத் திருப்பிக்கொண்டே ஒரு கதவு நிலையைச் சைலன்ட் மோடில் எடுத்துப் பாருங்கள். நிலை எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்து இரண்டு கேமராக்களை ஒப்பிட்டுவிடலாம்.

படி 7: வேகத்துக்கு என்ன விலை?

முதலில் பணம். ஸ்டேக்டு சென்சார் கேமராக்கள் அதே நிறுவனத்தின் சாதாரண கேமராவைவிட நன்றாகவே விலை கூடியவை. கையில் அவ்வளவு இல்லாதவர்களுக்கு என் யோசனை, நல்ல நிலையில் இருக்கும் பழைய ஏ9. இன்றும் 1/160 என்பது மரியாதையான வேகம். ஆனால் அதில் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 5 படம்தான், எலக்ட்ரானிக்கில் பிளாஷ் கிடையாது. இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முழு அளவைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் போதும் என்றால் 2022-இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எச்2எஸ் ஸ்டேக்டு சென்சார் கொண்டது.

பிறகு படத்தின் தரம். இசட்6 III-இல் நிழல் பகுதிகளை எடிட்டிங்கில் தூக்கினால் (வெளிச்சமாக்கினால்), முந்தைய இசட்6 II-ஐவிடக் கொஞ்சம் புள்ளி அதிகமாகத் தெரியும். பொதுவான வேலையில் இது தெரியாது. சூரியனுக்கு எதிரே எடுத்துவிட்டு இருட்டை நாலு ஸ்டாப் (பதினாறு மடங்கு) தூக்குபவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பாதையின் கடைசி முனை குளோபல் ஷட்டர். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-தான் முழு அளவில் அந்த வகையில் முதல் கேமரா. தேர்வு அறையில் எல்லோருக்கும் ஒரே கணத்தில் தாள் கொடுத்து ஒரே கணத்தில் வாங்கிக்கொள்வது போல. சாய்வு, வளைவு எதுவும் கிடையாது. நொடிக்கு 120 படம், 1/80000 வரை பிளாஷ். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளியைச் சேமிக்க ஓர் அறை ஒதுக்க வேண்டியிருப்பதால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250-இல்தான் தொடங்குகிறது. விளையாட்டுக்கும் பிளாஷ் வேலைக்கும் வரம். மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் நல்ல லென்ஸ் இரண்டு வாங்கலாம்.

படி 8: மெதுவான கேமராதான் கையில் இருக்கிறதா?

விற்றுவிட வேண்டாம். செயற்கை வெளிச்சத்திலும் வேகமான அசைவிலும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சத்தம் போடக் கூடாத இடத்தில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். அப்போது ஒவ்வொரு வரிசையும் முழுத் துடிப்பை வாங்கிக்கொள்வதால் பட்டை மறைந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/120 அல்லது 1/60. வேகமான ஆட்டத்தில் கை கலங்கும்தான். ஆகவே ஜதி முடிந்து ஆடுபவர் நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள். க்ராப் மோடு இருந்தால் அதையும் முயலுங்கள், படிக்க வேண்டிய வரிசைகள் குறைவதால் வேகம் கூடும்.

கச்சேரியில் நான் இப்போது செய்வது இது. அரங்குக்குச் சீக்கிரம் போய், விளக்குகள் போட்டவுடன் சைலன்ட் மோடில் 1/1000-இல் வெறும் மேடையை ஒரு படம் எடுத்து எல்சிடி திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பட்டை இருந்தால் 1/100. இல்லாவிட்டால் அன்று முழுக்க சத்தமில்லாமல் விருப்பப்பட்ட வேகத்தில் எடுக்கிறேன். நடுவில் விளக்கு அமைப்பை மாற்றினால் அதே சோதனையை இன்னொரு முறை செய்துகொள்கிறேன்.